மனப்பிணிக்கு வினையே காரணமோ?



உலகில் பிணிகள் இருவகை என்று பகவன் புத்தர் பிக்குகளுக்கு உரைத்ததை அங்குத்தர நிகாயத்தில் காண்கிறோம். ஒன்று உடற்பிணி; மற்றொன்று மனப்பிணி. உடற்பிணியின்றி ஓராண்டு வாழ்ந்தவரும், பத்தாண்டு வாழ்ந்தவரும், ஏன், நூறாண்டு வாழ்ந்தவரும்கூட உலகில் கிடைக்கலாம். மனப்பிணியின்றி ஒரு கணம் இருந்தோம் என்று சொல்லத்தக்கவர், ஆசவங்களை அறுத்த அரகந்தரையன்றி, அரியர் என்பது அப்போதனையின் கருத்து. இதனை நாம் விகாரையில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டும் என்ன பயன்? நம் தெருவில் ஒருவருக்கு மஞ்சட்காமாலை கண்டால் நால்வர் சென்று நலம் விசாரிக்கிறோம். ஒருவர் உறக்கமிழந்து, உணவு வெறுத்து, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாலோ அவர் வீட்டார் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், நாமும் அக்கதவைத் தட்டுவதில்லை. தட்டாததோடு நில்லாமல், திண்ணையில் அமர்ந்து, “என்ன செய்வது, அவன் செய்த வினை” என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம்.

இந்தத் தீர்ப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நாம் யார்? முற்பிறப்பின் பாவத்தால் இழிகுலத்தில் பிறந்தாய் என்று நம் முன்னோரிடம் சொன்ன கொள்கையைத் தூக்கியெறிந்து, திரிசரணம் பஞ்சசீலம் ஏற்றவர்கள். பண்டித அயோத்திதாசர் 1898-இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இக்கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேரூன்றியபொழுது, சுரங்கத்தில் வேலை முடித்து வந்த தொழிலாளர், உடலிற் படிந்த பாறைத்தூசியைக் கழுவிவிட்டு வந்து கேட்ட முதற் செய்தியே அது: உன் இழிவு உன் வினையன்று, பிறர் உன்மேல் சுமத்தியது. அச்செய்தியை ஏற்ற பிள்ளைகளும் பெயர்களும் ஆகிய நாம், சாதியின் விஷயத்தில் வெளியேற்றிய வினைப்பேச்சை மனநோயின் விஷயத்தில் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்துக்கொண்டோம். இது நம் காதுக்கு உறைக்கவேண்டாமா?

மோலியசீவகன் என்னும் துறவி ஒருமுறை பகவனிடம் வந்தான். மனிதன் நுகரும் இன்பமும் துன்பமும் யாவும் முன்செய்த வினையாலேயே வருவன என்று சிலர் கூறுகின்றனரே, தங்கள் கருத்து யாது என வினவினான். பகவன் அதனை மறுத்தார். பித்தத்தால் வரும் வேதனை உண்டு. சிலேத்துமத்தால் வருவது உண்டு. வாதத்தால் வருவது உண்டு. இம்மூன்றும் கலந்து வருவது உண்டு. பருவமாற்றத்தால் வருவது உண்டு. பாதுகாப்பின்றி நடந்துகொள்வதால் வருவது உண்டு. பிறர் தாக்குதலால் வருவதும் உண்டு. இவ்வேழுக்கும் பின்னர்தான் எட்டாவதாக வினையின் விளைவைச் சொன்னார். யாவும் வினையே என்போர், கண்ணுக்கு முன் நடப்பதையும் உலகம் மெய்யென்று அறிந்ததையும் தாண்டிப் பேசுகின்றனர் என்றும் கூறினார். சங்யுத்த நிகாயத்தில் உள்ள இந்தப் பேச்சைச் சாதி ஒழிப்புக் கூட்டங்களில் எடுத்துக்காட்டுகிறோமே, நோயாளியின் கட்டிலருகே ஏன் மறந்துவிடுகிறோம்?

கண்ணுக்கு முன் நடப்பது என்றாரே, அதனை நம் ஊரிலேயே பார்ப்போம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கைக்கொண்ட இவ்வயல், நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை உலகுக்கு ஈந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை தானே வெடிக்கும். ஏர்பிளாஸ்ட் என்று நம் பெரியவர்கள் அச்சத்தோடு சொன்ன சொல் அது. தூசி நுரையீரலைக் கல்லாக்கிற்று. அத்தனை துன்பத்திலும் மனிதர்க்கு ஒரு நாள் ஒழுங்கு இருந்தது. சங்கு ஊதியது, ஷிப்டு மாறியது, சம்பள நாள் வந்தது, உடன் இறங்குவோர் இருந்தனர், மாலையில் படிப்பகமும் பந்தாட்டமும் சங்கக் கூட்டமும் இருந்தன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளுக்குப் பின் அந்தச் சங்கு ஊதவில்லை.

சுரங்கம் மூடியதனால் என்ன இழந்தோம் என்று கேட்டால், சம்பளம் என்பர். அது உண்மை, ஆயினும் பாதி உண்மை. மற்றப் பாதியை விளங்கிக்கொள்ள, நம்மைப்போலவே ஒரே தொழிலை நம்பியிருந்த வேறோர் ஊரின் கதை உதவும். ஆஸ்திரிய நாட்டில், வியன்னா நகருக்குத் தெற்கே, மரியன்தால் என்றொரு சிற்றூர். அவ்வூர் முழுதும் ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1930-இல் ஆலை அடியோடு நின்றது. அடுத்த ஆண்டு, மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்னும் அறிஞர்கள் தோழர் சிலருடன் அங்குச் சென்று, வேலையிழந்தோர் எப்படி வாழ்கின்றனர் என்பதைக் கூர்ந்து நோக்கி 1933-இல் ஒரு நூல் வெளியிட்டனர்.

அவர்கள் கண்டது வியப்பானது. வேலை போனவர்க்கு நேரம் மிகுந்ததன்றோ? ஆகவே படிப்பகத்தில் நூல் வாங்குவோர் பெருகவேண்டும் என்றே யாரும் எண்ணுவர். நூல் வாங்கக் கட்டணம்கூட எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் வெளிச்சென்ற நூல்களின் தொகை இரண்டாண்டில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது! சங்கங்களில் வருகை குறைந்தது. தெருவில் ஆடவர் மெல்ல மெல்ல நடந்தனர்; வழியில் காரணமின்றி நின்றனர். பெண்டிர் அப்படி நடக்கவில்லை. அவர்களுக்கு அடுப்பும் துணியும் குழந்தையும் இருந்தன. காலை முதல் மாலை வரை என்ன செய்தீர் என்று ஆடவரைக் கேட்டால் இரண்டொரு செயலுக்கு மேல் சொல்ல முடியவில்லை. பொழுது அவர்கள் கையில் உடைந்து போயிற்று.

இன்னொன்றும் கண்டனர். அவ்வூர்க் குடும்பங்களை மனநிலை நோக்கி நான்காகப் பிரித்தனர்: மனம் தளராதோர், ஆசையைச் சுருக்கி அமைந்துவிட்டோர், நம்பிக்கையிழந்து வாடுவோர், எதனையும் பொருட்படுத்தாது கைவிட்டோர். பின்னர் ஒவ்வொரு வகையாரின் மாத வருவாயையும் ஆள்வீதம் கணக்கிட்டனர். தளராதோர்க்கு 34 ஷில்லிங்; அமைந்துவிட்டோர்க்கு 30; வாடுவோர்க்கு 25; கைவிட்டோர்க்கு 19. அன்பர்களே, இக்கணக்கை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். திடமனத்தனுக்கும் மனமுடைந்தவனுக்கும் இடையே இருந்தது பதினைந்து ஷில்லிங்! “மனதைத் திடப்படுத்திக்கொள்” என்று பிறர்க்கு எளிதாக உபதேசிப்பவர் தம் திடத்தில் எவ்வளவு பங்கு தம் மாதச் சம்பளத்தினுடையது என்று எண்ணிப்பார்ப்பது நல்லது. விகாரையில் போதனை செய்வோரையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

நம் ஊருக்கு மீள்வோம். சுரங்கம் நின்றபின் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயில் நம் மக்களின் புதிய ஷாஃப்டு ஆயிற்று. பெங்களூர் சேர இரண்டு மணிக்கு மேல். திரும்ப இரண்டு மணிக்கு மேல். இடையில் நாள்முழுதும் காவற்பணியோ, துப்புரவோ, கட்டட வேலையோ, ஆடைத் தொழிற்சாலைத் தையலோ. இருட்டில் போய் இருட்டில் திரும்பும் தாய் பிள்ளையின் முகத்தை உறங்கும் பொழுதே பார்க்கிறாள். இரயிலுக்குப் போக உடலில் வலுவில்லாத, தூசியால் நெஞ்சு பழுதான தந்தை, சயனைடு மேட்டிலிருந்து காற்று கொணரும் மண் படிந்த வாசலில் அமர்ந்திருக்கிறார். வீட்டை நடத்தியவர் தாமே வீட்டுக்குப் பாரமானதாக எண்ணுகிறார். எண்ணத்தை எவரிடமும் சொல்வதில்லை. ஆண்பிள்ளை அழலாமா என்ற வழக்கம் வேறு. இரவில் உறக்கம் வருவதில்லை. உறங்குவதற்காகக் குடிக்கிறார். நாம் அவரைப் பார்த்து, ஐந்தாம் சீலத்தை மீறினார் என்கிறோம். மீறினார், உண்மை. சீலத்தை நாம் தளர்த்தவில்லை. குடி உறக்கத்தைத் தருவதுபோல் காட்டித் துயரத்தைப் பெருக்குவது. ஆனால் அவர் கோப்பையைக் கையிலெடுத்த நாளுக்கு முன்னர், வெறுங்கையோடு வாசலில் அமர்ந்திருந்த நாட்கள் எத்தனை? அந்நாட்களில் நாம் எங்கே இருந்தோம்?

கடனைப் பற்றிப் பகவன் கூறியது இன்னும் கூர்மையானது. ஏழ்மை உலகத்தில் துன்பம். ஏழ்மையால் கடன் வாங்குகிறான், அது துன்பம். வட்டி கட்ட ஒப்புகிறான், அது துன்பம். தவணை தவறினால் கடிந்துகொள்கிறார்கள், அது துன்பம். பின்தொடர்ந்து நெருக்குகிறார்கள், அது துன்பம். முடிவில் பிடித்துக் கட்டுகிறார்கள், அதுவும் துன்பம் என்று படிப்படியாக அடுக்கினார். பின்தொடர்தல் என்பதை இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தனித்துன்பமாக எண்ணி வைத்த கருணையைப் பாருங்கள்! குழுக்கடனின் வாரத்தவணை நாளில், வசூலுக்கு வருபவர் வாசலில் நின்று அண்டை வீட்டார் கேட்கப் பேசும் பேச்சு, ஒரு தாயின் மனத்தை என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம். கடன் நெருக்குதலால் உயிர்கள் மாய்ந்த பின்னரே, 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு சிறுகடன் வசூலில் வன்முறையையும் மிரட்டலையும் தடுக்க அவசரச் சட்டம் இயற்றியது. இல்லறத்தார்க்குரிய நால்வகைச் சுகங்களில் கடனின்மையை ஒரு சுகமாக அனாதபிண்டிகருக்குப் பகவன் எடுத்துரைத்ததும் இதனாற்றான். அது பணப்பெட்டியின் சுகம் மட்டுமன்று. தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதன் சுகம், கதவு தட்டும் ஓசைக்கு நெஞ்சு பதறாதிருப்பதன் சுகம்.

ஏழ்மை மட்டுமா? கல்வியும் வேலையும் பெற்றவனையும் இழிவு என்னும் நெருப்பு விடுவதில்லை. 1917-இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று திரும்பிய பாபாசாகேப் அம்பேத்கர், பரோடா அரசின் பணியில் சேரச் சென்றார். அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி சத்திரம் ஒன்றில் பார்சியைப்போல் பெயர் பதிந்து மேல்மாடியில் தனியே தங்கினார். மங்கிய விளக்கும், வௌவால்களும், பேச ஒரு மனித உயிரில்லாத தனிமையும் தம்மை வாட்டியதைப் பின்னாளில் எழுதிவைத்தார். பதினோராம் நாள் தடியேந்தியோர் வந்து வெளியேறச் சொன்னார்கள். பொதுப் பூங்காவில் இரயில் நேரம் வரை அமர்ந்திருந்தார்; அழுதார். பல்லாண்டு கழித்து எழுதும்பொழுதும் அந்நாளைக் கண்ணீரின்றி நினைக்க முடியவில்லை என்கிறார். இவரினும் திடமான மனம் இந்நாட்டில் யாருக்கு இருந்தது? அம்மனத்தையே ஒரு ஊரின் வழக்கம் இப்படிப் புண்படுத்திற்றென்றால், பெங்களூரில் வாடகை வீடு கேட்டுப்போய், பெயரும் ஊரும் உணவும் விசாரிக்கப்பட்டுத் திரும்பிவரும் நம் இளைஞனின் மௌனத்தை அவன் பலவீனம் என்று சொல்ல நமக்கு வாய் எப்படி வரும்?

இனி, சிலர் ஓர் ஆட்சேபம் கூறுவர். அம்பு பட்டவனின் உவமையைப் பகவன் சொன்னாரன்றோ. முதல் அம்பு உடலில் தைப்பது, இரண்டாம் அம்பு அதற்காக மனம் வருந்திப் புலம்புவது. அறிவுடையோன் இரண்டாம் அம்பை ஏற்பதில்லை. ஆகவே வேலையின்மையும் வறுமையும் முதல் அம்பு, மனநோவு அவனவனே எய்துகொள்ளும் இரண்டாம் அம்பு, தியானம் பயின்றால் தீரும் என்பர். உவமை மெய். தியானத்தின் பயனும் மெய். மூச்சை நோக்கிப் பயின்று மனத்தை நிலைநிறுத்திய உபாசகர்களை நாம் அறிவோம். ஆயினும் ஒருவன்மேல் நாள்தோறும் முதல் அம்பை எய்துகொண்டிருக்க விட்டுவிட்டு, இரண்டாவதை ஏற்காதே என்று மட்டும் சொல்வது தம்மமாகாது. எய்வோன் கையைப் பிடிப்பதும் தம்மத்தின் வேலையே.

பகவன் தாமே எவ்வாறு நடந்தார்? ஆளவி நகரில் ஓர் ஏழை உழவனுக்கு அறவுணர்வு முதிர்ந்திருப்பதை அறிந்து, அவன் ஒருவன்பொருட்டு ஜேதவனத்திலிருந்து முப்பது யோசனை தொலைவு நடந்து சென்றார். அன்று காலையில் அவனுடைய எருது காணாமற் போயிற்று. எருதைத் தேடாமல் வரமுடியுமா? அது போனால் அவன் பிழைப்பு போயிற்று. தேடிப் பிடித்துக் கட்டிவிட்டு, உண்ணாமல், களைத்து, காலந்தாழ்த்து வந்து நின்றான். அதுவரை ஊரார் யாவரும் காத்திருக்க, பகவன் வாய் திறவாதிருந்தார். வந்தவனைக் கண்டதும் போதனையைத் தொடங்கினாரோ? இல்லை. சங்கத்தார் உண்டது போக உணவு மிச்சமுண்டா என்று கேட்டு, அவனை உட்காரவைத்து உண்பிக்கச் செய்தார். அவன் உடல் தெளிந்து மனம் அமைந்த பின்னரே அறம் உரைத்தார். இது என்ன புதுமை என்று பிக்குகள் தமக்குள் பேசிக்கொள்ள, பசியினால் வாடுகிறவனுக்கு அறம் விளங்காது, பசியே நோய்களில் பெரியது என்று விளக்கினார். தம்மபதத்தின் சுகவர்க்கத்துக்கு உரையாசிரியர்கள் கூறும் கதை இது.

நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையும் இவ்வழியே சென்றது. அமுதசுரபியை ஏந்திய அவள் முதலிற் செய்தது உபதேசம் அன்று, உணவூட்டல். யானைத்தீ என்னும் தீராப்பசியால் அலைந்த காயசண்டிகையின் துயரைத் தணித்தாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுமாறு அரசனை இரந்து மாற்றுவித்தாள். அறக்கோட்பாடுகளை ஆய்ந்தறிவது காப்பியத்தில் அதற்குப் பின்னர்தான். ஒரு நாட்டில் கலகமும் களவும் மிகுந்தபொழுது, தண்டனையால் அவற்றை ஒழிக்க முடியாது, உழவனுக்கு விதையும் தீவனமும், வணிகனுக்கு முதலும், பணிபுரிவோனுக்கு உணவும் ஊதியமும் கொடு என்று மன்னன் மகாவிஜிதனுக்குப் புரோகிதன் சொன்னதாகப் பகவன் கூடதந்த சூத்திரத்தில் எடுத்துரைத்த கதையையும் இங்கே நினைக்கவேண்டும். அவ்வாறு செய்தபின் மக்கள் கதவைத் தாழிடாமல், பிள்ளைகளை மார்பில் ஏந்திக் களித்திருந்தனராம். தாழிடாத கதவு! அச்சமற்ற மனத்துக்கு இதனினும் நல்ல அடையாளம் எங்கே உண்டு?

அரசு செய்யவேண்டியதைக் கேட்பது நம் உரிமை. அதனைத் தொழிற்சங்கத்தாரும் பொதுவாழ்வினரும் கேட்டுக்கொண்டிருக்கட்டும், நாமும் அவர்களோடு நிற்போம். அது வருமளவும் சங்கம் சும்மா இருக்கலாகாது. நம் படிப்பகத்தை ஞாயிறு ஒருநாள் திறப்பதை விட்டு, வேலையற்றோர் வாடும் காலை வேளையில் திறக்கவேண்டும். திறப்பதும் கணக்கெழுதுவதும் அவர்களில் ஒருவர் பொறுப்பாகட்டும். மரியன்தாலில் பொழுது உடைந்தது போலன்றி, பத்து மணிக்கு ஓரிடத்தில் தம்மை எதிர்பார்ப்போர் உளர் என்ற உணர்வு ஒருவருக்கு இருக்கட்டும். விகாரைக்கு இரண்டு பௌர்ணமி வராதவர் வீட்டுக்கு இருவர் செல்லவேண்டும். சென்று, ஏன் வரவில்லை என்று கேளாமல் அருகில் அமர்ந்தாலே போதும். வயிற்றுநோயால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவை, மற்றவர் கைவிட்டபொழுது, ஆனந்தரோடு சேர்ந்து நீராட்டிப் படுக்கையில் கிடத்தியவர் நம் ஆசான். தமக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் நோயுற்றோர்க்குச் செய்க என்றும் அப்பொழுதுதான் சொன்னார்.

மருந்து உண்பது மனவலிமைக் குறைவு என்னும் பேச்சும் நம்மிடையே உலவுகிறது. பித்தம், வாதம் என்று பகவனே உடற்காரணங்களை எண்ணினார் என்பதை மேலே கண்டோம். வைத்தியன் மருந்து தந்தால் உண்ணவேண்டும், தாமே நிறுத்தலாகாது. பெங்களூர் மனநல நிறுவனமாகிய நிம்ஹான்ஸ் 2015–16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வில், வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டோர்க்கு மனநோய் காணப்பட்டது. அவர்களில் சிகிச்சை பெறாதோர் நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 வரை. பெரும்பாலோர் மூடிய கதவுக்குப் பின்னாலேயே இருக்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஒருவரைப் போலீசுக்கு அஞ்சி மறைக்கும் குடும்பங்களும் உண்டு. அவ்வச்சம் வேண்டா. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தகையவரைக் கடும் மனவழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கலாகாது, அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளிப்பது அரசின் கடமை என்று கூறுகிறது. அரசின் டெலி மானஸ் தொலைபேசி உதவி 2022 அக்டோபர் முதல் நடைபெறுகிறது, எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். எண்ணை விகாரையின் வாசற்பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவைக்குமாறு சங்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம். நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் போகவேண்டியவர், தனியே போக மனம் ஒப்பாதவர், சங்கத்தில் சொன்னால் துணைக்கு ஒருவர் வருவார். நாள்தோறும் அந்த விடியற்கால இரயிலில் நம்மவர் பலர் பெங்களூர் செல்கின்றனர். துணைக்கு ஆள் கிடைப்பது அரிதன்று.